காலித் தோசைக்கல்லும் கூண்டுப் பறவைகளும்

நீங்கள் கேட்டிருப்பது இது. ஞாயிறு காலை நான்ஸ்டிக் தோசைக்கல்லைப் பெரிய பர்னரில் ஏற்றினீர்கள். அதற்குள் ஃபோன் வந்தது. பேசிவிட்டு வர பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. கல்லில் மாவு இல்லை, எண்ணெயும் இல்லை. பெரிதாகப் புகை எதுவும் கண்ணில் படவில்லை. தீயைத் தணித்து முதல் தோசையை வார்க்கும்போதே ஹாலில் இருந்த நான்கு லவ் பேர்ட்ஸில் ஒன்று குச்சியிலிருந்து கீழே விழுந்தது. அரை மணி நேரத்தில் மூன்று போய்விட்டன. மிஞ்சியது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. பறவைக் கடைக்காரர் வைரஸ் என்கிறார். பக்கத்து வீட்டில் தினையில் பூச்சிமருந்து இருந்திருக்கும் என்கிறார்கள். முந்தின நாள் தான் கொடுத்த கொத்தமல்லித் தழைதான் காரணமோ என்று உங்கள் மகள் அழுகிறாள்.

முதலில் மகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: கொத்தமல்லி காரணமில்லை. தினையும் காரணமில்லை. நோய் வந்தால் ஒரு பறவை முதல் நாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும், இரையைத் தொடாது, எச்சம் நிறம் மாறும். அடுத்தது இரண்டு மூன்று நாள் கழித்துச் சுணங்கும். நேற்று வரை கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒரே அரை மணிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் அவை சுவாசித்த காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் சொன்ன விவரத்தோடு சேர்த்துப் பார்த்தால், காய்ந்துபோன கல்லின் பூச்சிலிருந்து எழுந்த நச்சுப்புகைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்வேன்.

காரணத்தை விரிவாக அப்புறம் சொல்கிறேன். மிஞ்சியிருக்கும் அந்த ஒன்றுக்கு நேரம் இல்லை.

அதைக் கூண்டோடு தூக்கி, சமையலறைக் காற்று எட்டாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். பால்கனி, மாடிப்படி, பக்கத்து வீடு, எதுவானாலும் சரி. கையில் பிடிக்காதீர்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் பறவைக்கு நம்மைப் போலக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சு இழுக்க முடியும். மூச்சுக்குத் தவிக்கும் பறவையை அன்பாக உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாலே அது மூச்சடைத்துச் செத்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தேன், குளுக்கோஸ், துளசிச்சாறு எதுவும் வேண்டாம். உள்ளே போக வேண்டியது காற்று மட்டும்தான். கூண்டின் மூன்று பக்கம் மெல்லிய துணி போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், சத்தம் போட வேண்டாம், குச்சியைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

அடுத்து, ஆக்சிஜன் வைத்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். கிளம்பும் முன்பே ஃபோன் செய்து, நான்ஸ்டிக் பாத்திரம் அதிகம் காய்ந்து பறவைகள் இறந்துவிட்டன, ஒன்று உயிரோடு இருக்கிறது என்று அப்படியே சொல்லுங்கள். இந்த நச்சுக்கு முறிமருந்து கிடையாது. ஆக்சிஜன், நுரையீரலில் கோத்த நீரை வடிக்க ஊசி, வீக்கம் குறைக்கும் மருந்து, பிறகு தொற்று சேராமல் இருக்க ஆன்டிபயாடிக்: கையில் இருப்பது இவ்வளவுதான். பல பறவைகள் இவ்வளவு செய்தும் பிழைப்பதில்லை. ஆனால் அரை மணியைத் தாண்டி நிற்கும் பறவைக்கு வாய்ப்பு உண்டு, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். சாயங்காலம் தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி மோசமாவது உண்டு. வாலைப் பாருங்கள்: ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் துடித்தால் அது இன்னும் தவிக்கிறது என்று பொருள்.

இறந்த மூன்றையும் இன்னும் புதைக்கவில்லை என்றால் ஒன்றையாவது பாலிதீன் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். உறைந்தால் திசு கெட்டுவிடும். பிரேதப் பரிசோதனை செய்தால் சந்தேகம் தீரும். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கால்நடை மருத்துவம் முடித்து இரண்டாவது வருடம். ஒரு வீட்டில் ஐந்து பறவைகள் ஒரே மாலையில் போய்விட்டன. கோழிகளையே அதிகம் பார்த்துப் பழகியிருந்த நான், வெள்ளைக்கழிச்சல் வகையாக இருக்கும் என்று முடிவுகட்டினேன். கூண்டைக் கிருமிநாசினி போட்டுக் கழுவச் சொன்னேன், ஒரு மாதம் காயவிட்டுப் புதுப் பறவைகள் வாங்கச் சொன்னேன். அப்படியே செய்தார்கள். நான்கு மாதம் கழித்து அதே வீட்டில் அதே கூண்டில் மறுபடி மூன்று இறந்தன. இந்த முறை அறுத்துப் பார்த்தேன். நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜெரிகரின் நுரையீரல் நகத்தளவுதான் இருக்கும்; வெளிறிய இளஞ்சிவப்பாக, பஞ்சு போல, முதுகுப் பக்கம் விலா எலும்புகளுக்கு இடையில் பதிந்திருக்கும். நான் பார்த்தது நாவற்பழச் சதையின் நிறத்தில் இருந்தது. கத்தரி நுனி பட்டதும் நுரையோடு இரத்தநீர் கசிந்தது. மூச்சுக்குழாயிலும் அதே நுரை. குடல், ஈரல், இரைப்பை எல்லாம் சுத்தமாக இருந்தன. இரைப்பையில் அன்று தின்ற தினை அப்படியே கிடந்தது.

அந்த அம்மாவிடம் அன்று மாலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பணியாரம் சுட்டேன் என்றார். நான்ஸ்டிக் பணியாரக்கல். முதல் தடவை பறவைகள் செத்த அன்று? யோசித்துவிட்டு, அன்றும் பணியாரம்தான் என்றார். கல்லை ஏற்றிவிட்டு வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கித் தாளித்து மாவில் கொட்டிக் கலக்குகிற வரை குழிகள் காலியாகக் காய்ந்துகொண்டிருந்தன. முதல் தடவையே நான் அடுப்படியைப் பற்றிக் கேட்டிருந்தால் பின்னால் வந்த மூன்றும் பிழைத்திருக்கும். அன்றிலிருந்து பறவை திடீரென்று இறந்தது என்று யார் வந்தாலும், என்ன இரை கொடுத்தீர்கள் என்பதற்கு முன் என்ன சமைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனிக் காரணம். அந்தக் கறுப்புப் பூச்சின் பெயர் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன், சுருக்கமாக பிடிஎஃப்இ. டெஃப்லான் என்பது அதன் வணிகப் பெயர். 1938-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டெடுத்தது. 1950-களில் பிரான்சில் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தின் மேல் ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வாணலி வந்தது. சாதாரணச் சமையல் சூட்டில் இது எதோடும் வினைபுரியாத பொருள். துணுக்கு பெயர்ந்து உணவோடு வயிற்றுக்குள் போனாலும் கரையாமல் வெளியே வந்துவிடும். கீறல் விழுந்த தவாவைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பறவை விஷயத்தில் ஆபத்து கீறலில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கிறது. 280 டிகிரி அளவில் எழும் புகையே பட்ஜெரிகர்களைக் கொன்றது சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. 350-க்கு மேல் போனால் அந்த நீண்ட மூலக்கூறு உடைந்து பல வாயுக்களாகவும் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களாகவும் காற்றில் கலக்கிறது. அவற்றில் ஒன்று கார்போனைல் ஃப்ளூரைடு. ஈரத்தைத் தொட்ட மாத்திரத்தில் அது ஹைட்ரஜன் ஃப்ளூரைடாக மாறும், அதாவது அரிக்கும் அமிலமாக. மூச்சுக் காற்று தொடும் நுரையீரலின் உட்புறம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். நான் பார்த்த நாவற்பழ நிறத்துக்கு இதுதான் பொருள்: நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் வெந்து, இரத்தம் காற்றறைகளுக்குள் கசிந்து, பறவை தன் இரத்தநீரிலேயே மூழ்கிப் போகிறது.

பத்து நிமிடத்தில் அவ்வளவு சூடு ஏறுமா என்று கேட்பீர்கள். ஐந்தே நிமிடம் போதும். 2003-இல் அமெரிக்காவின் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு காலி நான்ஸ்டிக் வாணலியை வீட்டு அடுப்பில் முழுத் தீயில் வைத்து அளந்தபோது, ஐந்து நிமிடத்தில் சுமார் 380 டிகிரி வந்துவிட்டது. நான்ஸ்டிக் பாத்திரங்கள் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம், சட்டென்று ஏறும். இன்டக்‌ஷன் அடுப்பில் இன்னும் வேகம்.

நம் வீடுகளில் இதற்குத் தனி ஆபத்து இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குழம்பு வைக்கும் சட்டியில் தண்ணீர் இருக்கிற வரை சூடு 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். வதக்கும்போது எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே நாம் தீயைக் குறைத்துவிடுவோம்; நாம் பயன்படுத்தும் எண்ணெய்கள் பூச்சு கெடும் அளவுக்கு முன்பே புகைந்துவிடும். தோசைக்கல்லுக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது. அதைக் காலியாகவே காயவைக்கிறோம். கல் நன்றாகக் காய்ந்தால்தான் தோசை வரும் என்பது இரும்புக் கல்லில் வளர்ந்த பழக்கம், அதற்கு அது சரியும்கூட. அதே பழக்கம் அப்படியே நான்ஸ்டிக் கல்லுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் தெளித்துப் பார்க்கும் சோதனையும் இதில் உதவாது. இரும்பில் சுர்ரென்று சுண்டினால் பதம், முத்து முத்தாக உருண்டு ஓடினால் அதிகச் சூடு என்று கண் பழகியிருக்கும். தண்ணீரை ஒட்டவிடாததுதான் நான்ஸ்டிக்கின் குணம் என்பதால் அதில் எந்தச் சூட்டிலும் துளி உருளத்தான் செய்யும்.

அதே அடுப்பு முன்னால் நின்ற உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹாலில் இருந்தவை செத்தன. இதற்கு விடை அவற்றின் நுரையீரலில் இருக்கிறது. நம் நுரையீரல் விரிந்து சுருங்கும் பை; உள்ளே போன வழியிலேயே காற்று திரும்பி வரும், ஒவ்வொரு முறையும் பழைய காற்று கொஞ்சம் தங்கிவிடும். பறவையின் நுரையீரல் விரியாது, சுருங்காது. அதைச் சுற்றி, பெரும்பாலான பறவைகளில், ஒன்பது காற்றுப்பைகள் கொல்லன் துருத்தி போல இயங்கிக் காற்றை ஒரே திசையில் அதன் வழியே ஓட்டுகின்றன. மூச்சை இழுக்கும்போதும் புதுக் காற்று, விடும்போதும் புதுக் காற்று. இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் சுவரும் நம்முடையதைவிட மெல்லியது. குளிர்காலத்தில் திருநெல்வேலி கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருவது இந்த நுரையீரலின் பலத்தில்தான். அந்த மெல்லிய காற்றிலிருந்தும் உயிர்க்காற்றைப் பிழிந்தெடுக்கும் அதே அமைப்பு, அறையில் நஞ்சு இருந்தால் அதையும் அவ்வளவு முழுமையாகப் பிழிந்தெடுத்துக்கொள்கிறது. முப்பது நாற்பது கிராம் உடம்புக்கு அது மிக அதிகம். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளைக் கூண்டில் கொண்டுபோனார்கள். கார்பன் மோனாக்சைடு மனிதரை வீழ்த்தும் முன்பே பறவை சுருண்டு விழும் என்பதற்காக.

மனிதரை இது தொடாது என்றும் எண்ண வேண்டாம். பாலிமர் புகைக் காய்ச்சல் என்று ஒன்று 1951-இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. புகைபட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம், இருமல். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும், ஃப்ளூ என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். 1975-இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த பதிவு உங்கள் கதையைப் போலவே இருக்கும்: வாணலி தவறுதலாக அதிகம் காய்ந்தது, வீட்டில் இருந்த ஐந்து காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளிகள் 30 நிமிடத்துக்குள் இறந்தன, வளர்த்தவருக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. ஞாயிறு இரவு உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு நடுங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். யாருக்காவது மூச்சுத் திணறல் இன்னும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இனிமேல் என்ன செய்வது? குறைந்த தீயில் வையுங்கள், காலியாக விடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பாத்திரத்தோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கும். பறவைகளைச் சமையலறையில் வைக்க வேண்டாம் என்று இந்தப் பூச்சைத் தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிவுரைகள் தவறில்லை, ஆனால் போதாது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் கவனக்குறைவானவர் இல்லை. ஃபோன் வந்தது, அவ்வளவுதான். நாளைக்குக் காலிங்பெல் அடிக்கும், குழந்தை கூப்பிடும். ஹால் தனி அறைதானே என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஃபிளாட்டுகளில் அடுப்படியும் ஹாலும் ஒரே காற்று. ஏசிக்காக ஜன்னலை மூடியிருந்தால் இன்னும் மோசம். எக்ஸாஸ்ட் ஃபேன் புகையில் ஒரு பங்கைத்தான் இழுக்கும். பறவை இருக்கும் வீட்டில் இந்தப் பூச்சுள்ள பாத்திரம் இருக்கவே கூடாது. நான் வேறு எதையும் சிபாரிசு செய்வதில்லை.

கடையில் ஏமாறாதீர்கள். பிஎஃப்ஓஏ இல்லாதது என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது இந்தப் பூச்சைத் தயாரிக்க ஒரு காலத்தில் பயன்படுத்திய வேறொரு வேதிப்பொருள். அது இல்லை என்பதால் பிடிஎஃப்இ இல்லை என்று ஆகாது. கிரானைட், ஸ்டோன், மார்பிள் என்று புள்ளி புள்ளியாக வரும் தவாக்களில் பெரும்பாலானவை கல் இல்லை, அதே பூச்சுக்கு நிறம் சேர்த்தவை. ஹார்டு அனோடைஸ்டு என்பது அலுமினியத்தைக் கடினமாக்கும் முறை. அதன் மேலும் நான்ஸ்டிக் பூசி விற்கிறார்கள். பிடிஎஃப்இ இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செராமிக் பூச்சில் அது இருக்காது, என்றாலும் எழுத்தைப் படித்து வாங்குங்கள். பாத்திரத்தோடு இது முடிவதில்லை. சாண்ட்விச் மேக்கர், ஏர் ஃப்ரையர் கூடை, அயர்ன் பாக்ஸின் அடித்தகடு, சில ரூம் ஹீட்டர்கள், உடையாமல் இருக்கப் பூச்சுப் பூசிய சூட்டு பல்புகள், எல்லாவற்றிலும் இருக்கலாம். அந்த பல்பை லேசாக எண்ண வேண்டாம்: அமெரிக்காவின் மிசோரியில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க அப்படிப்பட்ட பல்பைப் போட்டு, மூன்று நாளில் பாதிக்கு மேல் செத்தது 2000-இல் ஆய்விதழில் வெளியானது. குஞ்சு பொரிக்கிற சமயம் கூண்டுக்கு பல்பு போடுகிறவர்கள் சாதாரண பல்பே போடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, புது பெயின்ட், கழிவறை ஆசிட் நெடி, இவையும் அந்த நுரையீரலுக்கு ஆகாதவைதான். அந்த நேரங்களில் கூண்டை வேறு பக்கம் மாற்றிவிடுங்கள்.

தோசைக்கு இரும்புக் கல்லுக்கே திரும்பிவிடுங்கள். புதுக் கல் ஒட்டுகிறதே என்றுதான் எல்லோரும் நான்ஸ்டிக்குக்குப் போனார்கள். பழக்கினால் ஒட்டாது. வடித்த கஞ்சியில் இரண்டு நாள் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, துளி ஈரம் இல்லாமல் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி அடுப்பில் சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகு, பாதியாக நறுக்கிய வெங்காயத்தைக் கரண்டிக்காம்பில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, முதல் நாலைந்து தோசையைக் கழித்துவிட்டால் ஏழாவது எட்டாவது தோசை தானாகக் கிளம்பி வரும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: எண்ணெய் தடவிச் சூடேற்றும்போது வரும் புகையும் பறவைக்கு நல்லதல்ல. அன்றைக்குக் கூண்டு மொட்டைமாடியில் நிழலில் இருக்கட்டும், பூனைக்கு எட்டாமல், பக்கத்தில் ஒரு ஆள் காவலோடு.

பிழைத்த பறவையைப் பற்றி இன்னும் கொஞ்சம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் ஊறவைத்த தினையும் சுத்தமான தண்ணீரும் எட்டுகிற தூரத்தில், தரையிலேயே வையுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி கிராம் காட்டும் சின்ன எடைமெஷின் ஒன்று வாங்கி, தினமும் காலையில் இரை வைக்கும் முன் எடை பாருங்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தனியாக விடக்கூடாத பறவை இது, கூட்டமாக வாழ்ந்து பழகியது. மூன்றும் இல்லாத கூண்டில் கத்திக் கூப்பிட்டுப் பார்க்கும். உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கட்டும், அது உண்மையாகவே உதவும். புதுத் துணையை ஒரு மாதம் கழித்து, மூச்சு முழுக்கச் சீரான பிறகு சேர்க்கலாம். முட்டையிடுவதற்காகக் கூண்டில் கட்டியிருக்கும் மண்கலயத்தை இப்போதைக்கு அவிழ்த்துவிடுங்கள். உடம்பு சரியில்லாத பறவை அதற்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும், வால் துடிப்பது உங்கள் கண்ணில் படாது.